காரம் சுவை அல்ல, சூடு

சுவையையும் அசைவுணர்வையும் பற்றிய உங்கள் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் ஓர் இடம் இடிக்கிறது. இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்போடு காரத்தையும் சேர்த்து, எல்லாமே நாக்கின் சுவை மொட்டுகள் அறிபவை என்று எழுதியிருக்கிறீர்கள். அறுசுவையில் கார்ப்புக்கு இடம் உண்டு, சரி. உடலின் கணக்கு வேறு. பச்சை மிளகாய் நறுக்கிய கையால் கண்ணைத் தேய்த்துப் பாருங்கள் (வேண்டாம், நான் தேய்த்திருக்கிறேன்). கண்ணில் ஏது சுவை மொட்டு?

மிளகாயில் உள்ள காரப்பொருளான கேப்சைசின் போய் ஒட்டுவது, வலியையும் சூட்டையும் உணரும் நரம்புகளில் உள்ள டிஆர்பிவி1 என்ற புரதத்தில். சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு பட்டால் திறந்துகொள்ளும் அதே புரதம்தான். அதனால்தான் ஆறிப்போன சட்னியைத் தின்றாலும் வாய் வெந்துவிட்டதாக மூளை நம்பி, வியர்வையைக் கொட்ட வைக்கிறது. 1997இல் இந்தப் புரதத்தைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் மருத்துவ நோபல் கிடைத்தது. பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆர்டெம் படபூட்டியன் கண்டது அழுத்தத்தை உணரும் பியெசோ புரதங்களை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொட முடிகிறதே, அதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. இப்படி உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று பார்க்காமலே அறிவதுதான் அசைவுணர்வு. அதைக் கட்டுரைத் தலைப்பில் போட்டுவிட்டு அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே!

பறவைகளிடம் உள்ள டிஆர்பிவி1 புரதத்தைக் கேப்சைசின் சீண்டுவதில்லை. கிளி மிளகாய்ப்பழத்தை ஆற அமரத் தின்பது அந்தத் தெம்பில்தான். அப்புறம், காரம் ஏறினால் தண்ணீரைத் தேடாதீர்கள். கேப்சைசின் அதில் அவ்வளவாகக் கரையாது. பாலோ தயிரோ கேளுங்கள்.