169 இடங்களிலிருந்து 2 இடங்களுக்கு

ஆளுங்கட்சி மண்ணைக் கவ்விய கதைகளைப் பேச உட்கார்ந்தால் கனடாவின் 1993 தேர்தலை யாராவது இழுத்துவிடுவார்கள். 1988-ல் 169 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்த முற்போக்குப் பழமைவாதக் கட்சிக்கு அடுத்த தேர்தலில் கிடைத்தது இரண்டே இடம். நாட்டின் முதல் பெண் பிரதமரான கிம் கேம்பல், வான்கூவரில் சொந்தத் தொகுதியையே பறிகொடுத்தார். மக்கள் துடைத்தெறிந்துவிட்டார்கள் என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம்.

கோபம் இருந்தது, மறுக்கவில்லை. கேம்பலுக்கு முன் பிரதமராக இருந்த பிரையன் மல்ரோனி 1991-ல் கொண்டுவந்த ஜிஎஸ்டி எல்லோரையும் எரிச்சல்படுத்தியது. வேலையின்மை வேறு. பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தைச் சமாதானப்படுத்தப் போட்ட மீச் லேக் அரசியல் சட்ட ஒப்பந்தம் 1990-ல் முறிந்தது. அடுத்த முயற்சியான சார்லட்டவுன் ஒப்பந்தத்தை 1992 பொதுவாக்கெடுப்பில் மக்களே நிராகரித்தார்கள். கொடுத்தது போதாது என்று கியூபெக்கில் முணுமுணுப்பு, அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று மேற்கு மாகாணங்களில் ஆத்திரம். இரு தரப்பையும் ஒரே கூடாரத்தில் வைத்திருந்த மல்ரோனி, 1993 ஜூனில் கேம்பலிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். வாக்குப்பதிவு அக்டோபர் 25.

பிரசாரத்தின் கடைசிக் கட்டத்தில் ஆளுங்கட்சியின் அந்தக் கேவலமான டிவி விளம்பரம் வந்தது. லிபரல் தலைவர் ஜான் கிரெட்டியனுக்குச் சிறுவயதிலிருந்தே முகத்தில் ஒரு பக்கம் வாதம், வாய் கோணியிருக்கும். அந்த முகத்தை நெருக்கத்தில் காட்டி, இவர் பிரதமரானால் வெட்கமாக இருக்கும் என்கிற தொனியில் பேசவைத்தார்கள். சொந்தக் கட்சி வேட்பாளர்களே கொதித்துப் போனார்கள். உடனே நிறுத்தினார்கள், ஆனால் பேர் கெட்டது கெட்டதுதான்.

சரி, இப்போது வாக்குகளுக்கு வருவோம். துடைத்தெறியப்பட்ட கட்சி வாங்கியது 16 சதவீதம், அதாவது 21 லட்சத்துக்கும் மேல். கியூபெக்கில் மட்டும் போட்டியிட்ட பிளாக் கியூபெக்குவா நாட்டளவில் வாங்கியது 13.5 சதவீதம்தான். அதற்கு 54 இடம்! நாட்டைப் பிரிக்க வேண்டும் என்கிற கட்சி அதிகாரபூர்வ எதிர்க்கட்சியாக உட்கார்ந்தது. மேற்கில் குவிந்திருந்த வலதுசாரிச் சீர்திருத்தக் கட்சிக்கு 52. ஒன்டாரியோவில் 99 தொகுதிகளில் 98-ஐ லிபரல் கட்சி அள்ளியது, அதுவும் மாகாண வாக்குகளில் பாதியைக் கொஞ்சம் தாண்டியே.

ஒரே இடத்தில் குவிந்த வாக்குக்குப் பரிசு, நாடெங்கும் பரவிய வாக்குக்குத் தண்டனை. அதிக வாக்கு வாங்கியவர் தொகுதியை எடுத்துக்கொள்ளும் முறை செய்த வேலை இது. வாக்கு விகிதப்படி இடம் தரும் விகிதாசார முறை இருந்திருந்தால் அதே கோபத்துக்கு அந்தக் கட்சி நாற்பது இடங்களுக்கு மேலாவது பிழைத்திருக்கும். மக்கள் தீர்ப்பு என்று நாம் கொண்டாடுவதில் கணிசமான பங்கு, எண்ணும் முறையின் தீர்ப்பு.

அப்புறம் நடந்ததும் இதையே காட்டுகிறது. வலதுசாரி வாக்கு இரண்டாகப் பிளந்து கிடக்க, 1997-ல் வெறும் 38 சதவீதத்தோடு கிரெட்டியன் மறுபடியும் பெரும்பான்மை பெற்றார். பிளந்தவர்கள் 2003-ல் ஒன்று சேர்ந்து இன்றைய கன்சர்வேடிவ் கட்சியானார்கள். 1993-ல் சீர்திருத்தக் கட்சி எம்.பி.யாக நுழைந்த ஸ்டீபன் ஹார்ப்பர் 2006-ல் பிரதமரானார். அதே கன்சர்வேடிவ் கட்சி 2019-லும் 2021-லும் லிபரல் கட்சியைவிட அதிக வாக்கு வாங்கியது. இரண்டு முறையும் எதிர்வரிசையில்தான் உட்கார்ந்தது.