எதற்கெடுத்தாலும் 'ஒட்டிக்கும்' என்று சொல்லாதீர்கள்

"தள்ளி நில்லு, ஒட்டிக்கும்." இதைக் கேட்டுக் கேட்டு ரத்தம் கொதிக்கிறது. என் தங்கைக்கு வெண்புள்ளி இருக்கிறது. அவள் உட்கார்ந்து எழுந்த நாற்காலியைத் துடைத்துவிட்டுத்தான் உட்காருகிறார்கள். அவள் நீட்டும் தண்ணீரை வாங்கத் தயங்குகிறார்கள். அப்படித் துடைத்த ஆளே வாயைப் பொத்தாமல் நாள் முழுக்க இருமுவார். கேட்டால், "இது சாதாரணச் சளிதான்."

ஐயா, அந்தச் சாதாரணச் சளிதான் ஒட்டும்! வெண்புள்ளி ஒட்டாது. தோலுக்கு நிறம் தருகிற செல்களை உடம்பின் எதிர்ப்பு சக்தியே அழித்துவிடுவதால் வருவது அது. கிருமியே இல்லாதபோது எது வந்து யார்மேல் ஒட்டும்?

தொற்று என்ற சொல்லையாவது ஒரு நிமிடம் யோசியுங்கள். தொற்றுதல் என்றால் பற்றிக்கொள்வது, பிடித்து ஏறுவது. கொடி கொம்பில் தொற்றி ஏறுகிறது. கிளம்பிவிட்ட பேருந்தில் ஒருவர் ஓடிவந்து தொற்றிக்கொள்கிறார். ஆக, ஏற ஒன்று வேண்டும், அது ஏற வழியும் வேண்டும். தொற்றுநோய்க்கு ஒட்டுவாரொட்டி என்றும் ஒரு பெயர் உண்டு: ஒட்டுகிறவரை ஒட்டுவது. நெருங்கிப் பழகினால் வருவது என்ற பொருள் பெயரிலேயே இருக்கிறது. இவ்வளவு தெளிவான சொற்களை வைத்துக்கொண்டு, சோரியாசிஸ் என்ற தோல் நோய், புற்றுநோய் என்று ஒட்டவே ஒட்டாத நோய்களுக்கெல்லாம் அதையே பூசுகிறோம்.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஒட்டிப் பரவுவதை ஆங்கிலத்தில் 'கண்டேஜன்' என்பார்கள்; அதன் லத்தீன் வேருக்குச் சேர்ந்து தொடுதல் என்று பொருள். 'இன்ஃபெக்‌ஷன்' வேறு வேரிலிருந்து வந்தது. தோய்த்தல், சாயமேற்றுதல், கறைப்படுத்துதல் என்று பொருள். கிருமி உள்ளே புகுவது ஒன்று, ஆளிடமிருந்து ஆளுக்குத் தாவுவது இன்னொன்று. நாம் இரண்டையும் தொற்று என்றே சொல்லிவிடுகிறோம். டெட்டனஸ் கிருமி காயத்தின் வழியே புகுவது. நோயாளியின் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் உங்களுக்கு வராது. டெங்குவுக்குக் கொசு வேண்டும். காலரா பெரும்பாலும் அசுத்தமான தண்ணீரிலும் உணவிலும் வருகிறது. ஆனால் எல்லாவற்றுக்கும் நாம் செய்வது ஒன்றுதான்: நோயாளியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகுவது. கொசு முட்டையிடும் தண்ணீர் அப்படியே தேங்கிக் கிடக்கும்.

1546-லேயே ஜிரோலமோ ஃப்ராகஸ்டோரோ என்ற இத்தாலிய மருத்துவர் நோய் பரவும் வழிகளை மூன்றாகப் பிரித்து எழுதினார்: நேரே தொடுவதால், நோயாளி புழங்கிய துணி போன்ற பொருட்களால், தொடாமல் தூரத்திலிருந்தே. அந்தப் பொருட்களுக்கு அவர் வைத்த லத்தீன் பெயருக்கு, சட்டென்று தீப்பற்றும் சருகு என்று பொருள். கிருமிகள்தான் நோய்க்குக் காரணம் என்று நிரூபிக்கப்படுவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே அந்த மனிதர் 'எந்த வழியாகப் பரவுகிறது' என்று கேட்டிருக்கிறார். கையில் போனை வைத்துக்கொண்டு நாம் அதைக் கேட்பதில்லை.

வெண்புள்ளியை 'வெண்குஷ்டம்' என்று அழைத்தார்களே, அதுதான் பெரிய அநியாயம். தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தொழுநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கிருமியை 1873-ல் ஹேன்சன் என்ற நார்வே மருத்துவர் கண்டுபிடித்தார். பெரும்பாலான மனிதர்களுக்கு அதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. கூட்டு மருந்து சாப்பிடத் தொடங்கிய நோயாளியிடமிருந்து சீக்கிரமே பரவுவதும் நின்றுவிடுகிறது. குணமானவரைக்கூட ஆயுள் முழுக்க ஒதுக்கி வைப்பதற்கு என்ன நியாயம் இருக்கிறது?

பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் யாருக்கும் பயம் வருவதில்லை. தட்டம்மை வந்த குழந்தை அறையைவிட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அதன் வைரஸ் காற்றில் இருக்கும். அதை எதிர்க்கும் சக்தி யாருக்கும் இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடியது அது. அந்தக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு விசேஷத்துக்கு வருகிறார்கள்.

அப்புறம், காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவரைப் பொறுப்பானவர் என்று மெச்சுகிற மேலதிகாரிகள். ஃப்ளூ, அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும்; காய்ச்சல் அடிக்கிற முதல் சில நாட்களில்தான் வேகமாகப் பரவும். சரியாக அந்த நாட்களில்தான் விடுப்புத் தர மாட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரர், அவருக்கு அடுத்தவர் என்று வரிசையாகப் படுத்த பிறகு, "ஏதோ வைரஸ் சுத்துதாம்" என்று அவர்களே வந்து சொல்வார்கள். அது தானாகச் சுற்றவில்லை. நீங்கள்தான் வரவழைத்து உட்கார வைத்தீர்கள்.