காத்திருக்கும் நேரமும் பாடம்தான்

என் மகள் வயலின் கற்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. முதல் ஒன்றரை ஆண்டு, வேலூர் நகரில் உள்ள ஒரு பயிற்சி நிலையத்துக்கு அனுப்பினோம். வாரம் இரண்டு வகுப்பு, ஒவ்வொன்றும் 30 நிமிடம், அறைக்குள் ஓர் ஆசிரியரும் ஒரு பிள்ளையும் மட்டும் இருப்பார்கள், கதவு சாத்தியிருக்கும். கட்டணம் கட்டிய நேரம் முழுவதும் நம் பிள்ளைக்கே கிடைக்கிறது என்று எனக்கும் அப்போது திருப்திதான். ஆனால் தொடக்கப் பாடங்களில் ஒன்றான ஜண்டை வரிசை முடிவதற்குள் அவளுக்கு வயலின் பெட்டியைத் திறக்கவே மனமில்லாமல் போய்விட்டது.

இப்போது சத்துவாச்சாரியில் ஒரு வீட்டுக் கூடத்தில் நடக்கும் வகுப்புக்குப் போகிறாள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாய் விரித்து அமர்ந்திருக்க, நடுவில் சுருதிப் பெட்டி ஒலித்துக்கொண்டிருக்கும். சிறியவர்களின் வயலின்களுக்குச் சுருதி சேர்ப்பது பெரிய பிள்ளைகளின் வேலை. ஒருநாள் தந்தியை முறுக்கும் பிரடை நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தபோது, ஒன்பதாம் வகுப்புப் பெண் அதைக் கழற்றி, சாக்பீஸை இரண்டு இழுப்பு தேய்த்து மீண்டும் செருகியதை என் மகள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் வீட்டில் பிரடை வழுக்கியபோது என்னைக் கூப்பிடவில்லை, அவளே சாக்பீஸைத் தேடிப் போனாள்.

பிறகு எல்லோரும் சேர்ந்து மாயாமாளவகௌளை ராகத்தில், முதல் பாடமான சரளி வரிசையை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வாசிப்பார்கள். வர்ணம் என்னும் மேல்நிலைப் பாடம் வரை வந்தவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. மூன்றாம் காலத்துக்குக் கை ஓடாத சிறியவர்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டு ஆதி தாளம் போட வேண்டும். அப்படித் தாளம் போட்டுக்கொண்டே கேட்டது காதில் தங்கிவிடுவதால், அடுத்த பாடம் கைக்கு வரும்போது பிள்ளைக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை.

இதில் குறை இல்லாமல் இல்லை. என் மகளின் இடது மணிக்கட்டு வயலினின் கழுத்தில் சாய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது கூட்டத்தில் இரண்டு மாதம் எவர் கண்ணிலும் படவில்லை. சுரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்குக் கை தடையின்றிச் சறுக்க வேண்டும் என்பதால், அதைத் திருத்துவதற்குள் பெரும்பாடாகிவிட்டது. அதன் பிறகு ஆசிரியை ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியாக அழைத்து உட்கார வைக்கிறார். ஆனால் அதே கூடத்தில், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதுதான். ஒருவனுக்குச் சொல்லும் திருத்தம் நான்கு பேருக்குப் போய்ச் சேர்கிறது. தனிப்பாடம் தேவைதான், அதற்குக் கதவைச் சாத்த வேண்டியதில்லை என்பதே என் கட்சி.

ஜப்பானின் ஷினிச்சி சுசுகி (1898–1998) பிள்ளைகளுக்கு வயலின் கற்பிக்க வகுத்த முறையிலும் தனிப்பாடத்தோடு குழு வகுப்பும் உண்டு, பெற்றோரும் வகுப்பில் உடனிருக்க வேண்டும். தாய்மொழியைப் பிள்ளை எப்படிக் கேட்டுக் கேட்டுப் பேசத் தொடங்குகிறதோ அப்படியே இசையும் வரும் என்பது அவர் கொள்கை. இதைப் புதுமை என்று நம்மூரில் எவராவது வியந்தால் எனக்குச் சிரிப்பு வரும். பங்குனி, சித்திரையில் நம் வடார்க்காட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும்போது, முகவீணையும் மத்தளமும் வாசிப்பவர்களின் பெஞ்சு ஓரமாக ஒரு சிறுவன் கைத்தாளத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விடிய விடிய அவன் கேட்பதற்கு எந்தப் பாடத்திட்டமும் கிடையாது.

பெற்றோர்கள் மீதுதான் எனக்கு வருத்தம். பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறோம், அல்லது திண்ணையில் அமர்ந்து கைப்பேசிக்குள் மூழ்குகிறோம். “உங்கள் பெண் எத்தனையாவது கிரேடு?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதோடு நம் இசை அக்கறை முடிந்துவிடுகிறது. (நானும் கேட்டவன்தான்.) அழைத்துவர நேரமாகிறது என்பதற்காக, தன் பிள்ளைக்கு முதலில் பாடம் முடித்து அனுப்பிவிடச் சொல்லும் பெற்றோர், அந்தப் பிள்ளை கேட்டிருக்கக்கூடிய ஒன்பது பாடங்களைத் தாங்களே பறிக்கிறார்கள்.

கடந்த நவராத்திரியில் ஒரு வீட்டுக் கொலுவின் முன் பிள்ளைகள் மலஹரி ராகத்தில் ஒரு கீதம் வாசித்தார்கள். கடைசி வரிசையில் இருந்த ஏழு வயதுப் பையன் பாதியில் விட்டுவிட்டு, கண் கலங்க வில்லை மடியில் வைத்துக்கொண்டான். ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் இருந்த அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, முடிக்க வேண்டிய இடத்தில் முடிக்காமல் முதல் வரியையே மறுபடி எடுத்தாள், மற்றவர்களும் அவளோடு சேர்ந்தார்கள். மூன்றாவது சுற்றில் பையன் வில்லை எடுத்துவிட்டான். கேட்டுக்கொண்டிருந்த மாமிகளுக்கு, கீதமே அவ்வளவு நீளம் என்றுதான் தோன்றியிருக்கும்.