தோளில் குத்திய ஊசி

அக்குபஞ்சர் ஊசி நுரையீரலைக் குத்துவது மிக அரிது என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், ஆனால் அது எங்கள் வீட்டில் நடந்தது. பாலக்கோட்டில் இருக்கும் என் அக்கா, தக்காளிக் கூடை தூக்கித் தூக்கி வந்த தோள்வலிக்கு ஊசி குத்திக்கொண்டார். ஒல்லியான உடம்பு. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் நுரையீரலின் நுனி அவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் பஸ்ஸில் வரும்போதே ஒரு பக்கம் நெஞ்சைப் பிடித்தது. வாயு என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தோம். ராத்திரி படுக்க முடியாமல் உட்கார்ந்தே மூச்சு வாங்கினார். தர்மபுரியில் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருப்பது தெரிந்தது. குழாய் வைத்து எடுத்தார்கள். சில மணி நேரம் கழித்துக்கூட இது வரலாம். அப்புறம், டாக்டரிடம் ஊசி குத்தியதை முதலிலேயே சொல்லுங்கள். நாங்கள் மறந்துவிட்டோம்.