எழுந்து நின்ற நீதிபதி

'பியூரிட்டன்' என்ற சொல்லை இன்று யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. சிரிக்கத் தெரியாதவர், அடுத்த வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பவர் என்றுதான் பொருள். அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. 1630-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவின் மாசசூசெட்ஸுக்குக் கப்பலேறிப் போன பியூரிட்டன்கள் என்ற கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர், 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டார்கள். மறு ஆண்டே குவேக்கர் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மேரி டயரை பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். 1692-இல் அங்குள்ள சேலத்தில் சூனியம் செய்ததாகக் குற்றஞ்சாட்டி 19 பேரைத் தூக்கிலேற்றினார்கள். இவை ஒழிந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான்.

ஆனால் இவற்றோடு போன இன்னொன்றை நினைத்தால் மனம் பதைக்கிறது.

அந்தச் சேலம் வழக்கின் நீதிபதிகளில் ஒருவர் சாமுவேல் சூவல். 1696 டிசம்பரில் அவருடைய குழந்தை ஒன்று இறந்துபோனது. அடுத்த நாளே அவருடைய மகன் வேதாகமத்திலிருந்து ஒரு வசனத்தை லத்தீனில் வாசித்தான். இரக்கம் இன்னதென்று அறிந்திருந்தால் குற்றமில்லாதவர்களைத் தண்டித்திருக்க மாட்டீர்கள் என்ற வசனம். அவருக்கு உடனே சேலம் நினைவுக்கு வந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1697 ஜனவரியில் ஓர் உபவாச நாள். ஆலயத்தில் ஒரு தாளைப் போதகரிடம் கொடுத்துவிட்டு, அவர் அதை உரக்கப் படித்து முடிக்கும்வரை ஊரார் முன்னிலையில் சூவல் எழுந்து நின்றார். பழியையும் வெட்கத்தையும் தானே ஏற்பதாக அதில் எழுதியிருந்தார். படித்து முடித்ததும் தலைவணங்கினார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. தலைமை நீதிபதியாக இருந்த ஸ்டௌட்டனோ சாகும்வரை மன்னிப்புக் கேட்கவில்லை.

சூவலுக்கு அந்தத் துணிவு ஒரே நாளில் வந்ததன்று. அன்றன்றைய பிழையை அன்றன்றே எழுதிப் பார்க்கும் பழக்கத்தில் வளர்ந்தவர்கள் அவர்கள். ஒவ்வொருவரும் தாமே வேதம் படித்துத் தம்மைச் சோதிக்க வேண்டும் என்பதற்காகத்தான், 50 குடும்பங்கள் உள்ள ஊரெல்லாம் எழுத்தறிவிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று 1647-இலேயே சட்டம் செய்தார்கள். அந்த மரபில் வந்த அமெரிக்க மிஷனரிகள்தான் 1816-இல் யாழ்ப்பாணம் வந்து பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கட்டினார்கள்.

என் அம்மம்மா அப்படியொரு மிஷன் பள்ளியில் படித்தவர். படுக்கப் போகுமுன் விளக்கடியில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் இரண்டு வரி எழுதுவார். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். 'மீன்காரியிடம் அநியாயமாக விலை குறைத்தேன். நாளை கொடுக்க வேண்டும்.' அதன்கீழ் வேறு மையில், 'கொடுத்தேன்.'

தன்னை விசாரிக்கும் அந்தப் பழக்கத்தைத்தான் நாம் கைவிட்டுவிட்டோம். ஊரை விசாரிக்கும் பழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறோம். மாலையில் ஒருவருடைய படம் வருகிறது, இரவுக்குள் ஆயிரம் பேர் தீர்ப்பெழுதுகிறார்கள். செய்தி பொய்யென்று தெரிந்தால் பதிவு சத்தமில்லாமல் மறைகிறது.

போன ஆண்டு ஓர் ஆசிரியரைப் பற்றி வந்த குற்றச்சாட்டை நானும் இங்கே பகிர்ந்தேன், கடுமையான நான்கு வரிகளையும் சேர்த்து. அது பொய்யென்று மூன்றாம் நாள் தெரிந்தது. பதிவை அழித்தேன். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று அதைப் படித்தவர்களில் பலர் இதையும் படிப்பீர்கள். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. விசாரிக்காமல் எழுதியது என் பிழை. அவரிடம் இன்று காலை தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டேன். உங்கள் முன்னிலையிலும் கேட்கிறேன்.