சாமியை நகர்த்தினால் கேஸ், ஆளை நகர்த்தினால்?

ராயப்பேட்டை ஒயிட்ஸ் ரோட்டில் இருக்கும் ரத்தின விநாயகர் கோவில், துர்க்கை அம்மன் கோவில் பக்கம் மெட்ரோ கை வைக்கப் போகிறது என்ற பேச்சு கிளம்பியதில் இருந்து என் டைம்லைனில் இரண்டே கட்சிதான். கோவிலைத் தொட்டால் விட மாட்டோம் என்பது ஒன்று. நாலு பேர் கற்பூரம் காட்டுகிற இடத்துக்காக லட்சம் பேர் போகிற ரயிலை நிறுத்துவீர்களா என்பது இன்னொன்று. எனக்கு இரண்டு தரப்பு மேலேயும் கோபம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விஷயம் என்ன என்று பார்த்துவிடலாம். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரத்தில் இருந்து சிறுசேரி சிப்காட் போகும் தடம் அந்தப் பக்கம் பூமிக்கடியில் ஓடுகிறது. சுரங்கம் மட்டும் என்றால் மேலே இருப்பதை இடிக்க வேண்டியதில்லை. சிக்கல் ஸ்டேஷனில்தான். ஏறி இறங்க வாசல், காற்று போய்வர வழி, தீப்பிடித்தால் ஆட்கள் வெளியே வர படிக்கட்டு, இதெல்லாம் தரைக்கு மேலே வந்தே ஆக வேண்டும், அதற்கு ரோட்டை ஒட்டி நிலம் வேண்டும், சென்னையில் ரோட்டை ஒட்டிச் சும்மா கிடக்கிற நிலம் எங்கே இருக்கிறது? வாசல் கோவில் பக்கம் வருவதாக இருந்தது. ஒரு அமைப்பு பொதுநல வழக்குப் போட்டது. மெட்ரோ நிர்வாகம் சரி என்று வாசலை யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிலத்துக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. அந்த நிறுவனமோ அதே மெட்ரோவிடம் தடையில்லாச் சான்று வாங்கித்தான் கோடிக்கணக்கில் செலவழித்து அங்கே கட்டடம் எழுப்பியிருந்தது. அவர்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, 837 சதுர மீட்டருக்கு நோட்டீஸ் மட்டும் போனது. அவர்கள் கோர்ட்டுக்குப் போக, 2025 மார்ச்சில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அந்த நோட்டீஸை ரத்து செய்தார். கோவில் நிலத்தை எடுக்கச் சட்டத்தில் தடையில்லை, கடவுள் நம்மை மன்னிப்பார் என்று கேரள உயர்நீதிமன்றம் முன்பு ஒரு நெடுஞ்சாலை வழக்கில் சொன்னதையும் எடுத்துக் காட்டினார்.

கடவுள் மன்னிப்பார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாசலில் பூ கட்டி விற்கிற அம்மாவின் மன்னிப்பை யார் கேட்டார்கள்?

தெருக்கோவில் என்றால் என்ன என்று தெரியாதவர்கள்தான் "வேற இடத்துல கட்டிக்கலாமே" என்று சுலபமாகச் சொல்கிறார்கள். புது வண்டி எடுத்தவன் எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டுப் போவது அங்கேதான். பரீட்சைக்குப் போகிற பிள்ளை ஹால் டிக்கெட்டை வைத்து எடுக்கிறது. ஆடியில் கூழ் ஊற்ற வீடு வீடாக வசூல் செய்கிற பையன்கள்தான் மழை வெள்ளம் வந்தாலும் முதலில் தண்ணீரில் இறங்குகிறவர்கள். இந்தப் பழக்கம் எல்லாம் நடந்து போகிற தூரத்தில் இருப்பதால் மட்டுமே நடக்கிறது. கோவிலை மூன்று கிலோமீட்டர் தள்ளி, இன்னும் அழகாக, கிரானைட் போட்டுக் கட்டிக் கொடுத்தாலும் அது வேறு கோவில்.

சிங்கப்பூரில் இது நடந்திருக்கிறது. ஆர்ச்சர்ட் ரோட்டில், டோபி காட் பக்கம் இருந்த சிவன் கோவில். எம்ஆர்டி ரயிலுக்காக 1983-ல் அந்த இடத்தை விட்டுக் கிளம்பினார் சிவன். சிராங்கூன் ரோட்டில் சீனிவாசப் பெருமாள் கோவிலை ஒட்டித் தற்காலிகமாக இருந்தார். கேலாங் ஈஸ்ட்டில் புதுக் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் ஆனது 1993-ல். தற்காலிகம் என்பது பத்து வருஷம்! புதுக் கோவில் பெரியது, எண்கோணத்தில் கட்டியிருக்கிறார்கள், கூட்டத்துக்கும் குறைவில்லை. மாற்று இடம் கொடுத்து, பேசி முடித்தார்கள் என்ற வகையில் அவர்களைப் பாராட்டலாம். ஆனால் இங்கே "சிங்கப்பூரைப் பார்" என்கிறவர்கள் அந்தப் பத்து வருஷத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது கோவில் காப்பாளர்களிடம் வருகிறேன். பறக்கும் ரயிலுக்காகவும் கால்வாய் வேலைக்காகவும் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் இருந்த குடும்பங்களை ஒக்கியம் துரைப்பாக்கம் கண்ணகி நகரில் கொண்டுபோய்க் கொட்டினார்களே, அப்போது எங்கே இருந்தீர்கள்? அந்தக் குடிசைகளுக்கு நடுவிலும் அம்மன் இருந்திருப்பாள். வேப்ப மரத்தடியில், மஞ்சள் துணி கட்டி, கோபுரம் இல்லாமல். அவளுக்காக யாரும் பொதுநல வழக்குப் போட்டதாக நான் கேள்விப்படவில்லை. அவளைக் கும்பிட்டவர்கள் வீட்டு வேலைக்கு வர அந்தப் பழைய மாம்பலமும் மயிலாப்பூரும் எவ்வளவு தூரமாகிப் போனது என்று யாராவது கேட்டோமா? பக்தர்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு கோபுரத்தை மட்டும் காப்பாற்றுவது என்ன பக்தி என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

மெட்ரோ வேண்டும் என்கிற ஆள்தான் நான். தினமும் அண்ணா சாலை நெரிசலில் பஸ்ஸில் நிற்கிறவன் வேறு எப்படிப் பேசுவான். என் சண்டை, கேட்காமல் செய்வதோடுதான். 2013 மத்திய நிலம் எடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீடு என்று ஒன்று இருக்கிறது. நிலத்தை எடுப்பதற்கு முன்னால் யாருக்கு என்ன போகும் என்று ஆராய்ந்து, அந்த ஊர் மக்களைக் கூட்டி விசாரிக்க வேண்டும். நம் மாநிலமோ தொழிற்தேவைக்கு நிலம் எடுக்கும் தன் 1997-ஆம் வருஷச் சட்டத்துக்கு அதில் இருந்து விலக்கு வாங்கி வைத்திருக்கிறது. உயர்நீதிமன்றம் 2019-ல் அது செல்லாது என்றது, சட்டமன்றம் அதே வருஷம் புதுச் சட்டம் போட்டு உயிர் கொடுத்தது, 2021-ல் உச்சநீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. மெட்ரோவுக்கு நிலம் எடுப்பது இந்த 1997 சட்டத்தின் கீழ்தான். திட்டம் போடும்போதே கூப்பிட்டுப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. அப்புறம் நோட்டீஸ் வந்த பிறகு யார் சத்தமாகக் கத்துகிறார்களோ, யாரிடம் நல்ல வக்கீல் இருக்கிறாரோ, அவர்கள் தலையில் இருந்து இறங்கி பக்கத்து ஆள் தலையில் பாரம் ஏறுகிறது. ஒயிட்ஸ் ரோட்டில் நடந்தது அதுதான். பக்கத்து ஆள் அரசு இன்சூரன்ஸ் நிறுவனமாக இருந்ததால் திருப்பி அடிக்க முடிந்தது. அதுவே ஒரு டீக்கடையாக இருந்திருந்தால்?

ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, இந்த விலக்கை எடுங்கள் என்று யாரும் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை பாருங்கள், அதில் மட்டும் ஒற்றுமை.

மதுரைக்காரர்களுக்கு ஒன்று. திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு 2025 நவம்பரில் மக்கள்தொகைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பியது. எல்லோரும் அதை வைத்து அரசியல் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்தத் திட்டத்தில் மீனாட்சி கோவில் பக்கம் ரயில் சுரங்கத்தில்தான் போகிறது. மீனாட்சியைத் தொட எவனுக்கும் தைரியம் வராது, விடுங்கள். ஸ்டேஷன் வாசல் எந்தத் தெருவில் ஏறுகிறது, அங்கே இருக்கிற சின்னக் கோவில், பள்ளிவாசல், வளையல் கடை என்ன ஆகும், இதை வார்டு கவுன்சிலரிடமும் எம்எல்ஏவிடமும் இப்போதே கேளுங்கள். வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். கோடு பென்சிலில் இருக்கும்போதுதான் அழிக்க முடியும்.