பட்டையில் நீர் கசிந்தால் மரத்தை வெட்டிவிட வேண்டுமா?

"மரப்பட்டையில் கறுப்பாக நீர் வடிந்தால் அது பாக்டீரியா நோய். பக்கத்து மரங்களுக்குப் பரவும் முன் வெட்டிவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று கோடாரியைத் தூக்காதீர்கள்.

பட்டை துளைக்கும் வண்டு, பைட்டோப்தோரா என்ற பூஞ்சை போன்ற நோய்க்கிருமி, வண்டி மோதிய காயம் என எதனாலும் நீர் கசியலாம். சரி, பாக்டீரியாவே காரணம் என்றாலும்? எல்ம், பாப்லர் மரங்களில் சகஜமான ஈரக்கட்டை நோயோடு மரம் பல ஆண்டுகள் வாழும். உள்கட்டையில் பாக்டீரியா நொதித்து வாயு சேர, அந்த அழுத்தத்தில் விரிசல் வழியே நீர் வெளியேறும். கிட்டப் போனால் புளித்த வாடை அடிக்கும். துளை போட்டு வடியவிட்டால் புதுக் காயம்தான் மிஞ்சும்.

கசிவே இல்லாமல் மெல்ல மெல்லக் கொல்லும் நோயும் உண்டு. சைலெல்லா என்ற பாக்டீரியா தாக்கிய ஓக் மரத்தின் இலையோரம் கருகி, வறட்சியில் காய்ந்தது போலவே தெரியும். இலைக்காம்பைப் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) போன்ற ஆய்வகச் சோதனைக்கு அனுப்பினால்தான் உறுதியாகும்.

வாடும் யூகலிப்டஸ் என்றால், தண்டை வெட்டித் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டிய முனையிலிருந்து பால்போல இழை இறங்கினால் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவால் வரும் வாடலைச் சந்தேகிக்கலாம், அப்புறம் ஆய்வகம்.